சராசரியில் மறையும் ஊர்கள்: கம்பியில்லா பிராட்பேண்டை எதைக் கொண்டு அளப்பது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரியில் சரக்கு ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கிக் கட்டி முடித்தாலும் வண்டி கிளம்பிவிட முடியாது. எண்ணெய், மசாலா என்று வரி உள்ள சரக்கு எதுவானாலும், மதிப்பு வரம்பைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு அதே ஆண்டு ஜூன் 2 முதலும் இது கட்டாயம். கடைக் கணக்கர் பில் விவரத்தை ஏற்றுவார். லாரி எண்ணைப் பதிவார். 12 இலக்க எண் திரையில் வந்ததும் அதை ஓட்டுநரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். இந்த வேலைக்கு 100 மெகாபிட் வேகம் தேவையில்லை. அந்த ஐந்து நிமிடம் இணைப்பு அறுபடாமல் இருந்தால் போதும். அறுந்தால், லோடு ஏற்றிய வண்டியும் இருட்டுவதற்குள் ஓசூரைத் தாண்ட நினைத்த ஓட்டுநரும் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான்.

வணிகருக்கு மட்டும் வந்த கட்டாயம் அல்ல இது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விரல்ரேகைப் பதிவு வந்தது. சர்வர் கிடைக்காத நாளில் பையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நூறு நாள் வேலைத் தளங்களில் 2023 ஜனவரி 1 முதல் செல்பேசிச் செயலி வழியாக வருகைப்பதிவு கட்டாயமானது. நாளுக்கு இருமுறை, இடக்குறியோடு படம் ஏற்ற வேண்டும் என்றார்கள். இணையம் அரசு வேலைக்கும் கூலிக்கும் அரிசிக்கும் வாசலாகிவிட்டது. அந்த வாசல் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று ஊர்வாரியாகக் கணக்கு வைத்து மக்கள் முன் வைப்பவர் எவரும் இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே. கிராமத்திலும் புறநகரிலும் கம்பியில்லா பிராட்பேண்டின் முதல் குறை வேகம் அல்ல, நம்பகத்தன்மை. அந்தக் குறை தீராமல் இருப்பதற்குப் பெரிய காரணம், அதை நாம் அளக்கும் விதத்திலேயே ஊர்கள் மறைந்துபோவது.

புகார்களுக்குள் இருக்கும் பொறியியல்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நான்கு புகார்கள் அடிக்கடி காதில் விழும். "கரண்ட் போனா டவரும் போயிடுது." "மழை வந்தா நெட் இருக்காது." "புள்ளி நாலு காட்டுது, ஆனா ஒண்ணும் ஓடல." "ராத்திரி எட்டு மணிக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கு." அலுப்பில் சொல்லும் வார்த்தைகளாகத் தோன்றினாலும் ஒவ்வொன்றும் வலையமைப்பின் ஒவ்வோர் உறுப்பைச் சரியாகவே சுட்டுகிறது.

முதலில் மின்சாரம். ஒவ்வொரு டவரின் அடியிலும் பேட்டரி அடுக்கு உண்டு. சிலவற்றில் டீசல் ஜெனரேட்டரும் உண்டு. பேட்டரி பழசாகும்தோறும் அது தாங்கும் நேரம் குறையும். துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை ஒன்பது மணி வாக்கில் போகும் மின்சாரம் மாலைதான் திரும்பும். பேட்டரி அதுவரை தாங்காது. டீசல் கொண்டுவந்து ஊற்ற ஆள் வேண்டும். நகரத்தில் ஒரு டவர் படுத்தால் பக்கத்து டவர் ஓரளவு சுமையைத் தாங்கும். கிராமத்தில் இருப்பதே ஒரு டவர். அது படுத்தால் ஊரே படுத்துவிடும்.

மழைப் புகாரைப் பொறியாளர்கள் சிலர் ஏற்க மாட்டார்கள். செல்பேசியும் டவரும் பேசிக்கொள்ளும் 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை மழைத்துளி பெரிதாகப் பாதிப்பதில்லை. மழையின் கை ஓங்குவது ஏறக்குறைய 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான். ஆனால் டவர் தனித்து நிற்பதில்லை. அதன் பின்னாலிருந்து இணையத்தைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு தடம் வேண்டும். ஃபைபர் எட்டாத டவர்களில் அந்தத் தடம் மைக்ரோவேவ். அது ஓடும் அலைவரிசைகள் பலவும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. அடைமழையில் அந்தத் தடம் மெலியும். ஃபைபர் உள்ள இடத்திலும், மின்கம்பத்தோடு கட்டிய கேபிள் மீது காற்றில் மரக்கிளை விழும். ஆகவே வாடிக்கையாளர் சொன்னது சரி. அறுந்த இடம்தான் அவர் கண்ணுக்குத் தெரியாத இடம்.

மூன்றாவது புகாருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. திரையில் தெரியும் கோடுகள் செல்பேசிக்கும் டவருக்கும் இடையிலான வலிமையை மட்டும் காட்டும். டவருக்குப் பின்னால் தடம் அறுந்திருந்தாலும், ஒரே டவரில் நூற்றுக்கணக்கானோர் மொய்த்திருந்தாலும் கோடுகள் குறைவதில்லை. 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய பிராட்பேண்ட் இயக்கம், நாட்டில் 30 விழுக்காடாக இருந்த ஃபைபர் இணைப்புள்ள டவர்களை 70 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்தது. நோயின் வேர் எங்கே என்று அரசுக்குத் தெரிந்தே இருந்தது.

நான்காவது, இரவு நெரிசல். டவரின் கொள்ளளவு பொதுச் சொத்து. பங்கு போட ஆள் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். வீட்டுத் தொலைக்காட்சியில் படம் ஓடும் ஓர் இணைப்பு, செல்பேசி வாடிக்கையாளர் பலருக்குச் சமமான தரவை இழுக்கும். செல்பேசிக்கென்று திட்டமிட்ட டவரில் வீட்டு இணைப்புகளையும் ஏற்றினால் எட்டு மணிக்குச் சுற்றத்தான் செய்யும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய தடைகளும் உண்டு. சேலம் சமவெளியைச் சுற்றிச் சேர்வராயன் மலை, கஞ்சமலை, நகரமலை, ஜருகுமலை. நாமக்கல் பக்கம் போதமலை, கொல்லிமலை. மலை மறைக்கும் பக்கத்தில் அலை எட்டாத நிழல் விழும். பரமத்திவேலூர்ப் பக்கம் காவிரிக்கரைத் தென்னந்தோப்புகள் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். மாசியில் வேம்பு இலையுதிர்ந்து நிற்கும்போது மொட்டைமாடியில் பொருத்திய ஆண்டெனா, மரம் தழைத்ததும் மங்கும்.

இளம்பிள்ளைச் சேலை வியாபாரிகளைப் பார்த்தால் இன்னொரு குறை புரியும். அவர்கள் சேலையை விரித்துக் காட்டி, முந்தானையைத் திருப்பிக் காட்டி, செல்பேசி வழியாக நேரலையில் விற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். 5ஜி வலையமைப்போ ஒரே அலைவரிசையை நேரத் துண்டுகளாகப் பிரித்து, பெரும்பங்கைப் பதிவிறக்கத்துக்குக் கொடுக்கிறது. படம் பார்ப்பவருக்கு அது தோது. பொருள் விற்பவருக்கு இடைஞ்சல். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண் பதிவிறக்க வேகம் மட்டுமே.

மூன்று பழைய பாடங்கள்

கம்பியில்லா இணையத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. வட்டத் தலைநகரில் ஒரு டவர்; அதிலிருந்து நேர்ப்பார்வையில் சுமார் 10 கிலோமீட்டர் வரை உள்ள ஊர்களுக்குத் தொலைபேசியும் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையமும். அதைக் கொண்டு என்-லாக் நிறுவனம் ஊர்தோறும் இணைய மையங்களைத் திறந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001இல் தொடங்கிய 'சாரி' திட்டம் உலக ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அங்கு மையங்கள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. திட்டத்தைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வருமானக் குறைவோடு, பழுது பார்க்கவும் வழிகாட்டவும் தொடர்ச்சியான ஆதரவு இல்லாமல் போனதையும் காரணமாகக் காட்டினார்கள். தொழில்நுட்பம் ஊர் வரை வந்தது. பராமரிப்பு கூடவே வரவில்லை.

இரண்டாவது பாடம் தேனியில் கிடைத்தது. அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழுவோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு நெடுந்தூர வைஃபை வழியாக இணைத்தது. மையத்துக்கு வரும் நோயாளியைச் செவிலியர் பரிசோதிப்பார். மருத்துவர் தேனியிலிருந்து காணொளியில் பேசுவார். ஐந்து ரூபாய்ச் சொட்டு மருந்தா அறுவைச் சிகிச்சையா என்பதை அறிய ஒரு முழு நாள் கூலியை இழந்து பேருந்தேற வேண்டியதில்லை.

அந்த இணைப்பைச் சில ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்த அனுபவத்தை ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். பழுதுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஊற்று, தரமற்ற மின்சாரம். மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது கருவி கருகியது. தாழ்ந்தபோது பாதி உயிரோடு தொங்கி நின்றது. பேட்டரி அடிமட்டம் வரை வடிந்து வீணானது. அவர்கள் செய்த மாற்றங்கள் எளியவை. சீரான மின்சாரம் தரும் கட்டுப்பாட்டுக் கருவியைச் சேர்த்தார்கள். மின்னழுத்தம் தாழ்ந்தால் இணைப்பைத் தானே துண்டித்து, சீரானதும் மீண்டும் இயக்கும் அமைப்பை வைத்தார்கள். கருவி தன் நலத்தைத் தானே தொலைவிலுள்ளவர்களுக்குத் தெரிவிக்கச் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மையத்தில் இருப்பவர்களுக்கே முதற்பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அலையைத் தொலைவுக்கு அனுப்புவதைவிட, அனுப்பும் பெட்டியை இங்கே உள்ள மின்சாரத்தில் சாகாமல் காப்பது கடினம் என்பதைத் தேனி காட்டியது.

மூன்றாவது பாடத்தைக் கற்றவர்கள் லட்சக்கணக்கானோர். தமிழ்நாட்டில் 1999இல் பிறந்து பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் மாநிலம் முழுவதும் மௌனமானது. டவர்களை வாடகைக்கு விட்ட நிறுவனங்களோடு இருந்த பாக்கித் தகராறு அதற்குக் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் அதற்கான குறியீட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பவே சிக்னல் இல்லை. கடை வாசல்களில் கூட்டம் கூடியது. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நாம் ஒரு நிறுவனத்துக்குக் காசு கட்டுகிறோம். ஆனால் டவர் ஒருவருடையது, மின்சாரம் ஒருவருடையது, பின்தடம் இன்னொருவருடையது என்பதை அந்த மாதம் எல்லாருக்கும் உணர்த்தியது. எந்தக் கண்ணி விட்டாலும் இருட்டில் நிற்பவர் வாடிக்கையாளர்.

மொட்டைமாடிக்கு வந்த 5ஜி

2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும், செப்டம்பர் 19 அன்று ஜியோவும் ஏர்ஃபைபர் என்ற பெயரில் வீட்டுக்கான கம்பியில்லா பிராட்பேண்டைக் கொண்டுவந்தன. தெருவைத் தோண்ட அனுமதி, கம்பத்துக்கு வாடகை என்ற தடைகளைத் தாண்டி, ஃபைபர் போடக் கட்டுப்படியாகாத புறநகருக்கும் விரிந்து கிடக்கும் கிராமத்துக்கும் இது உடனே சென்று சேரும் என்பதே இதன் பெரிய வலிமை. கேபிள்காரர் வருவார் என்று மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகளுக்கு இது உண்மையிலேயே விடிவு. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பெட்டியை அருகில் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் குழாயில் கட்டிய வெளிக்கருவி, அதிலிருந்து இறங்கும் ஒரே கேபிள், கூடத்தில் ஒரு வைஃபை ரூட்டர். வெளிக்கருவிக்கும் மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகவே வீட்டிலிருந்துதான் போகிறது. வீட்டில் மின்சாரம் போனால் டவர் உயிரோடு இருந்தாலும் இணைப்பு போய்விடும். கருவி எந்தத் திசை பார்க்கிறது, அதற்கும் டவருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே தரம் அமையும். நன்றாகப் பொருத்திய வீட்டில் மாதக்கணக்கில் குறையில்லாமல் ஓடும் இணைப்பு, அடுத்த தெருவில், மாடிவீட்டின் நிழலில் பொருத்திய வீட்டில் தினமும் தடுமாறும். வாடிக்கையாளர்களில் ஒரு சாரார் மனதாரப் புகழ்வதும் இன்னொரு சாரார் வாய்விட்டு ஏசுவதும் இதனால்தான். இரு தரப்பும் சொல்வது உண்மை. அந்த இரண்டையும் கூட்டி எடுக்கும் சராசரி, இருவரில் ஒருவருடைய அனுபவமும் அல்ல.

சராசரி செய்யும் அநியாயம்

இனி அளவுகோலுக்கு வருவோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் வகுத்த செல்பேசிச் சேவைத் தர விதிகளில் டவர் முடக்கத்துக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. ஒரு வட்டத்திலுள்ள எல்லா டவர்களின் மொத்த முடக்க நேரம் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கிய டவர்கள் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் வட்டம் என்பது இங்கே ஏறக்குறைய தமிழ்நாடு முழுவதும்.

100 டவர்களை வைத்துக் கணக்குப் போடுவோம். 98 டவர்கள் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. மலையடிவாரத்தில் இரண்டு டவர்கள் மாதம் முழுவதும் படுத்துக்கிடந்தன. மொத்த முடக்கம் சரியாக 2 விழுக்காடு. முடங்கிய டவர்களும் சரியாக 2 விழுக்காடு. நிறுவனம் இரண்டு தேர்விலும் தேறிவிட்டது. இரண்டு ஊர்கள் ஒரு மாதம் இருட்டில் இருந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. முடக்கம் எல்லா டவருக்கும் சமமாகப் பரவினாலும் 2 விழுக்காடு என்பது 30 நாள் மாதத்தில் 14 மணி 24 நிமிடம்.

டிராய் 2024 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய விதிகள் இதைவிட மேலானவை. காலாண்டுக் கணக்கு மாதக் கணக்காக மாறியது. எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்றானது. மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவு, பிரீபெய்டு வாடிக்கையாளருக்குக் கூடுதல் நாள் என்று இழப்பீடும் வந்தது. வரவேற்க வேண்டிய மாற்றங்கள். ஆனாலும் இழப்பீட்டுக்கான அலகு மாவட்டம். மேட்டூர் முதல் தலைவாசல் வரை விரிந்த சேலம் மாவட்டத்தில் ஒரே ஊரின் டவர் மூன்று நாள் நின்றால் அது மாவட்ட முடக்கம் ஆகாது. வரைபடமும் சிக்னல் எங்கே எட்டும் என்று சொல்லுமே தவிர, எத்தனை மணி நேரம் எட்டியது என்று சொல்லாது.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் தராசு வைத்திருப்பவர் அரசு முத்திரை இல்லாமல் ஒரு கிலோ கூட நிறுக்க முடியாது. முத்திரை அந்தக் கடையின் அந்தத் தராசுக்குத்தான் குத்தப்படுகிறது; மாவட்டத் தராசுகளின் சராசரிக்கு எவரும் முத்திரை குத்துவதில்லை. அந்த வியாபாரி தினமும் காசு கொடுத்து வாங்கும் இணையத்துக்கு மட்டும் சராசரி முத்திரை போதும் என்பது எந்த ஊர் நியாயம்?

செய்ய வேண்டியவை

தீர்வுக்குப் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. எந்த டவர் எப்போது நின்றது, எப்போது எழுந்தது என்ற பதிவு ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையிலும் நிமிடக் கணக்கில் இருக்கிறது. அதை ஊராட்சி, வார்டு வாரியாக மாதந்தோறும் வெளியிடச் சொல்லி டிராய் ஆணையிட்டால் போதும். இழப்பீட்டின் அலகை மாவட்டத்திலிருந்து டவருக்கு இறக்க வேண்டும். ஒரே டவரை நம்பியிருக்கும் ஊர்களில், பராமரிப்பு மின்தடையின் முழு நேரத்தையும் தாங்கும் பேட்டரியைக் கட்டாயமாக்க வேண்டும். மின்தடை நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் இது திட்டமிடக்கூடியதே. வீட்டுக்கான கம்பியில்லா இணைப்பை விற்கும்போது பதிவேற்ற வேகத்தையும் இரவு நெரிசல் நேர வேகத்தையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும்.

தமிழ்நாட்டுக்குக் கூடுதல் வாய்ப்பும் உண்டு. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தோடு அந்தக் கம்பி நின்றுவிடாமல் ஊர் டவர் வரை நீண்டால், மைக்ரோவேவ் தடத்தின் மழைக்காலத் தொல்லை பாதி தீரும். கம்பியில்லா இணையத்தின் நம்பகத்தன்மை கடைசியில் கம்பியைத்தான் சார்ந்திருக்கிறது.

வாடிக்கையாளர் கையிலும் வழிகள் உண்டு. ரூட்டருக்கான சிறிய யுபிஎஸ் ஒன்று வீட்டு மின்தடைத் தொல்லையைத் தீர்க்கும். வெளிக்கருவியைப் பொருத்த வருபவரிடம், மாடியின் வேறு மூலைகளிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு நிற்கும்போதெல்லாம் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். புகார் செய்து பதிவு எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். எண் இல்லாத புகார், சட்டத்தின் கண்ணில் செய்யாத புகார். தீராவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராய் விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா வழக்கில் தள்ளிவிட்டது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. பிழைப்புக்காகத் தானே உழைத்துத் தொழில் செய்யும் சிறு வணிகரும் சட்டப்படி நுகர்வோரே.

தனி ஒருவர் குறித்து வைத்தால் அது ஒரு வீட்டின் புகார். ஒரு தெருவோ ஒரு சங்கமோ ஓர் ஊராட்சியோ சேர்ந்து குறித்து வைத்தால் அது எந்தச் சராசரியாலும் மறைக்க முடியாத சான்று. கிராம சபையில் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் போலவே டவர் நின்ற நேரத்துக்கும் தீர்மானம் போடலாம். உங்கள் ஊரில் அந்தக் கணக்கை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.